இருபத்தாறு

அலென்தேஜோ. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
தக்கை ஓக்கின் இலையொன்றைக் கிள்ளி
இரும்புக் குடுவைக்குள் தலைகீழாக அடைத்து
காம்பை மட்டும் வெளியே விட்டு
வாயுவைத் திறந்தேன்.

அறுத்ததும் உள்ளே ஓடிப்போன நீர்
வெளியே வர மறுத்தது.
பதினெட்டு. இருபத்தொன்று.
லென்ஸில் காம்பு உலர்ந்தே இருந்தது.

பட்டை உரிக்க வந்த அபீலியோ
கோடாலியைச் சாய்த்துவிட்டுக் கேட்டான்:
"ராத்திரி முழுக்கக் குடிக்கவில்லையா இது?"

குடித்தது, மண்ணில் இருந்ததை.
வேரிலிருந்து நுனிவரை ஒற்றை நீர்நூல்;
வெயில் மேலே இழுக்கும்,
வறண்ட மண் கீழே இழுக்கும்,
அறக்கூடாது, அவ்வளவுதான்.

இருபத்தாறில் கசிந்தது
ஊசிமுனை ஈரம்.

எண்ணைக் குறித்தேன்.
அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தில் எட்டு:
ஒன்பது கோடைக்கு முன்பு அவன் எழுதியது.
அதைத் தடவிப் பார்த்தான்.
கோடாலியை எடுக்கவில்லை.
என் டார்ச்சை வாங்கிக்கொண்டு,
"வா,
அடுத்ததையும் கேட்டுவிடுவோம்" என்றான்.