குளம்பின் நிறம்

பிடோக் நிலையத்தின் கட்டண வாயிலில்
அவர் உள்ளே, நான் வெளியே.
அட்டையைத் தட்டாமலே கைமாற்றம்.
பையில் ஒரு கறுப்புக் குதிரை.
பின்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே இல்லை.
பன்னிரண்டு வெள்ளி.
"மேலே உட்கார்ந்தவன் தொலைந்துபோனான்"
என்றார் பூன் ஹுவாட். ஐம்பதைத் தாண்டியவர்.
விலை பேசவில்லை, சிரிக்கவில்லை,
பாசிர் ரிஸ் ரயிலுக்கு ஓடிவிட்டார்.

வீரன் என்னிடம் இருக்கிறான்.
இரண்டு வருடமாக அலமாரியில்
கால் அகட்டி நின்றுகொண்டே இருக்கிறான்,
எதன்மேலோ ஏறப்போகிறவன் மாதிரி.

பகலெல்லாம் எனக்குப் பற்கள்.
தோ பாயோவில் குளிரூட்டிய கூடத்தில்
முகம் பார்த்திராத வாய்களுக்கு
மகுடம் செய்கிறேன்.
வெள்ளையில் மட்டும் பதினாறு உண்டு:
கோப்பி-ஓ குடிப்பவரின் வெள்ளை,
புகைப்பவரின் வெள்ளை,
சிரிக்கும்போது கையால் மறைப்பவரின் வெள்ளை.

இரவில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்
பழைய நாளிதழை விரித்து
ஸ்பிரிட்டில் தோய்த்த பல்துலக்கியால்
குதிரையைத் தேய்த்தேன்.
கறுப்பு கரைந்தது.
பிடரியில் பழுப்பு. வயிற்றில் பழுப்பு.
கணுக்காலுக்குக் கீழே வந்ததும்
கை நின்றது.

ரோஜா நிறம்.
மினுமினுப்பு கலந்த ரோஜா.
நகப்பூச்சு, அதனால்தான் ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை.
மூன்று குளம்பிலும் மூன்று பூச்சு,
ஒரு மயிரிழைகூட ரோமத்தில் வழியவில்லை.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நான்காவது காலை
பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் அக்ரிலிக்கில் செய்தேன்.
அதுவும் ரோஜாதான்.
ஆனால் வாய்க்குள் இருக்கவேண்டிய ரோஜா.
மறுநாள் மதிய உணவு நேரத்தில்
குதிரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மருந்தகத்தின் நகப்பூச்சு வரிசையில்
ஒவ்வொரு புட்டியாகக் குளம்போடு சேர்த்துப் பிடித்தேன்.
"உதவி வேண்டுமா?" என்றாள் விற்பனைப் பெண்.
"இவருக்குத்தான்" என்று குதிரையைக் காட்டினேன்.
ஒன்றும் கேட்காமல்
கீழ்த்தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள்.
அதேதான்.

அன்று இரவு பூன் ஹுவாட்டுக்குச் செய்தி அனுப்பினேன்:
குளம்புக்கு நிறமடித்தது யார், உங்கள் தங்கையா?
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

வீரனின் தொடை சேணத்துக்கு விரியவில்லை.
கெண்டியில் நீர் கொதிக்கவைத்து
இடுப்புவரை முக்கினேன்.
நின்றே பழகிய பிளாஸ்டிக்
மெல்ல மெல்ல மனம் மாறியது.
சூடு ஆறும்வரை குதிரைமேல் அழுத்திப் பிடித்திருந்தேன்,
சாமான் தூக்கிகளைப் போல் விரல்கள் மரத்துப்போக.
பிறகு அவன் கண்.
வெள்ளை ஒரு கோடு, கறுப்பு ஒரு புள்ளி.
முதலில் மாறுகண் விழுந்தது.
துடைத்தேன்.
அடுத்தது திகைத்த கண்.
அப்படியே விட்டுவிட்டேன்,
இந்தக் குளம்புகளைப் பார்த்தால்
யாருக்கும் திகைப்புதான் வரும்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அதிர்ந்தது.
"தங்கை கிடையாது. நான்தான்.
பத்தொன்பது வயது. ராணுவ முகாமிலிருந்து
வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்."

தட்டச்சு செய்கிறார்...
நிறுத்துகிறார்.
தட்டச்சு செய்கிறார்...

"கறுப்பும் நான்தான். அடுத்த வாரக் கடைசி."

என்ன பதில் போடுவதென்று தெரியவில்லை.
பதினாறு வெள்ளை தெரியும் எனக்கு,
இதற்கு ஒரு சொல்லும் பொருந்தவில்லை.
நான்கு குளம்புகளுக்கும் மெழுகு பூசி மூடினேன்,
உடலுக்கு அடிக்கும் பழுப்பு
அவற்றின்மேல் தெறிக்காமல் இருக்க.
அதை மட்டும் எழுதி அனுப்பினேன்.

"முடிந்ததும் படம் அனுப்பு லா.
குளம்பு தெரிகிற மாதிரி."

வெளியே மழை.
ஈரக்காற்றில் பூச்சடித்தால் சாம்பல் பூத்துவிடும்.
மூங்கில் கழியில் காயாத சீருடைகள்,
தெர்மாகோலில் குத்திய சத்தே குச்சியில்
பூச்சு ஏறாத ஒரு குதிரை.

இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன்.

"பரவாயில்லை" என்றார்.