எழுபத்தைந்து விழுக்காடு

பதிவேடு என்னிடம்.
மீன்கொத்தி அணி, என்னோடு ஏழு பேர், பதினாறு சனிக்கிழமை.
வந்தால் சரிக்குறி, வராவிட்டால் வட்டம்,
கடிதம் தந்தால் வட்டத்துக்குள் புள்ளி.
நூற்றுக்கு எழுபத்தைந்து இல்லாதவருக்கு
உபின் தீவு முகாம் இல்லை.
பெற்றோர் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது, ஆறாம் விதி.

ஹரிந்திரனுக்கு நான்கு வட்டம். அடுத்தடுத்து.
ஒன்றிலும் புள்ளி இல்லை.
"காய்ச்சலா?" என்று அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது.
அதற்கு என்ன பொருள் என்று ஃபித்ரியைக் கேட்டால்
தோளைக் குலுக்குகிறான்.

நான்காம் வட்டம் போட்ட அன்றுதான் பார்த்தேன்.
திடலில் திரு லாவ் வளைய முடிச்சு சொல்லித் தருகிறார்.
வேலிக்கு அந்தப் பக்கம்,
யீஷூன் பேருந்து நிறுத்தத்தில்,
வீட்டு டி-சட்டையில் அவன்.
காலணி நாடாவைக் கழற்றி
எங்களோடு சேர்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான்.
முயல் வெளியே, மரத்தைச் சுற்றி, மறுபடி பொந்துக்குள்.
ஜுன் வெய்யைவிட வேகம்.

சாலையைக் கடந்து போனேன்.
"இடுப்பு ஏறல" என்றான்.
ஜனவரியில் வாங்கிய காற்சட்டை
ஜூனுக்குள் அவனைக் கைவிட்டிருந்தது.
அடுத்த மாதம் புதுசு என்றாராம் அம்மா.
எந்த மாதத்துக்கு அடுத்தது என்று
இவன் கேட்கவில்லை.
முழுச் சீருடை இல்லாமல் திடலில் நிற்கக் கூடாது,
அது மூன்றாம் விதி.

'வேலிக்கு அப்பால்' என்று
பதிவேட்டில் ஒரு குறி இல்லை.
பொய்யாகச் சரி போட என் பேனாவும் வராது;
மூன்று விரல் உயர்த்திச் சொன்னது மறக்கவில்லை.
பதினைந்தில் பதினொன்று.
பதினாறில் பன்னிரண்டு என்றால் கணக்கு நேர்.
மிச்சம் ஒரே சனி.

அன்றிரவு விதித்தாளை முழுதாகப் படித்தேன்,
சேர்ந்த நாளில் யாரும் புரட்டாத பின்பக்கத்தையும்.
பதினோராம் விதி:
அணிக் கூட்டத்துக்கு இடம், அணித்தலைவர் தெரிவு.
கழுத்துத் துண்டு போதும்.
திரு லாவிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு முறை படித்தார்.
"யார் எழுதினது இதை?"
அவர்தான்.

பதினாறாம் சனி, காலை எட்டு.
நிறுத்தத்து இருக்கையில் நான்கு பேர், மூவர் நின்றபடி.
ஏழு கழுத்துத் துண்டு, ஆறு கயிறு.
நீட்டிய கயிற்றைத் தள்ளிவிட்டு
ஹரிந்திரன் காலணி நாடாவையே உருவினான்.
அவன் பெயருக்கு நேரே நான் பேனா வைத்தபோது
804 வந்து நின்று கதவைத் திறந்தது.
ஓட்டுநர் எங்களைப் பார்த்தார்.
யாரும் ஏறவில்லை.