இரண்டு நிமிடம், பதினாலாவது செக்கன்

அந்த இடத்தில் யாரோ இருமுகிறார்கள்.
அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

'மூணாம் வாய்க்கால்' என்று ஒரு குழு,
சம்மாந்துறைப் பக்கம்.
மாதம் நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள் என்கிறது
அந்த ஆப்.
அதில் நான் ஒருத்தி.
திரும்பத் திரும்பப் போடுவதால்
ஒருத்தியை விடக் கொஞ்சம் கூட.

கல்முனை ஆஸ்பத்திரி லேப், இரவு ட்யூட்டி.
மெஷின் ரத்தத்தைச் சுற்றி முடிக்க ஐந்து நிமிடம்.
பாட்டு நாலு ஐம்பது.
சிவப்பு அடியில் இறங்கி
மஞ்சள் மேலே தெளிகிற நேரத்தை
யாரோ அளந்து பாடி வைத்த மாதிரி.
பிளேலிஸ்ட்டுக்கு 'பிளாஸ்மா' என்று பேர் வைத்தேன்.

ஒரே பாட்டை இத்தனை தரம் கேட்டால்
ஆப் கவலைப்படும்.
இவளுக்கு நித்திரை இல்லைப் போல என்று
எட்டு மணித்தியால மழைச்சத்தம் அனுப்பியது.
வெளியே நிஜமாகவே மழை.
வேண்டாம் என்று தட்டிவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

ஆவணி, அறுகம்பே.
ரிஃபாயா கேட்டாள்:
"ஒரு பாட்டுக்கா இவ்வளவு தூரம் போற? என்னகா இது?"
கேட்டுவிட்டு அவளும் பஸ் ஏறினாள்.
அக்கரைப்பற்றில் சீட் கிடைத்தது.
திருக்கோவில் தாண்டும் வரை சிக்னல் இருந்தது.
கோமாரியில்
பாட்டு பாதியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றது,
சுற்றி முடியாத மெஷின் போல.

மேடை என்றால் இரண்டு லொறி, பின்பக்கம் பின்பக்கமாக.
பெரிய ஆட்கள் எல்லாம் ராத்திரிக்கு.
எங்கள் ஆட்களுக்கு நாலரை மணி,
கண்ணுக்குள் வெயில்.
முன்னால் முப்பது பேர் இருக்கும்,
அலைப்பலகையோடு நின்ற ஒரு வெள்ளைக்காரன்,
இறால் வடைப் பெட்டி,
பெட்டியையே பார்க்கிற நாய்.
கிழக்கிலிருந்து எவர் மேடை ஏறினாலும்
மீனைப் பாட விட்டுத்தான் அறிமுகம் செய்வார்கள்.
இந்த அறிவிப்பாளர் செய்யவில்லை.
நல்லா இருக்கட்டும்.

யதுர்சிகா பாடத் தொடங்கினாள்.
வேகம் கூட. படபடப்பாய் இருக்கும்.
அதை விட,
வலது பக்கம் ஒரு மெலோடிகா!
எட்டு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.
என் இயர்போனில் வலது காது
தையிலேயே செத்துவிட்டது.
பாதிப் பாட்டையா நான்
முழுசாக விரும்பிக்கொண்டிருந்தேன்?

பிறகு அந்த இடம் வந்தது.
டிரம் நின்று, நாலு தட்டு வெறுமை.
இருமல் இல்லை.

ஊசி எடுத்த இடத்தில்
பஞ்சு வைக்காமல் விட்ட மாதிரி இருந்தது.
நான் இருமினேன்.

சும்மா இல்லை, அந்த மாதிரியே:
ஒன்று சின்னது, ஒன்று இழுத்து.
அதே கணம்
எனக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்த ஒருவனும்.
சவுண்ட் மேசைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆளும்.

மூன்று இருமல்.
யதுர்சிகா சிரித்து அடுத்த வரியை விட்டுவிட்டாள்.
டிரம்மில் இருந்த இஜாஸ்
விட்ட வரியைத் தட்டியே நிரப்பினான்.
ஹெல்மெட்காரன் திரும்பிப் பார்த்தான்,
நான் கடலைப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஆளை
நேரில் பார்க்கிற வெட்கம்
வேறு எதிலும் வராது.

முடிந்ததும் வயர் சுற்றிக்கொண்டிருந்த இஜாஸிடம் போனேன்.
"ரெக்கோடிங்ல இருமினது ஆரு?"
"நான் இல்ல," என்றான் உடனே.
யதுர்சிகாவும் தான் இல்லை என்றாள்.
நெல் மில்லின் களஞ்சியத்தில் பதிந்தார்களாம்,
உள்ளே மூன்று பேர்தானாம்.
மெலோடிகாக்காரன் வடை வாங்கப் போயிருந்தான்.
அவனிடம் கேட்க விடாமல்
கடைசி பஸ் ஹோன் அடித்தது.

திரும்பும் வழியில் ரிஃபாயா
என் போனை வாங்கி, இருக்கிற ஒரு காதில்
அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் கேட்டாள்.
பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சளி இல்லகா," என்றாள்.
"உமித்தூசி."