என்ன கட்டை

காகிதப்பட்டறை மாடியில் ஒரு பெயின்ட் டிரம்.
நாற்றம் போக இரண்டு முறை
வெறுமனே எரித்தாயிற்று.
ஓட்டை போட்டுத் தந்த லேத் பட்டறை குணாளன்
"எதுக்கு சிஸ்டர்?" என்றார்.
"கறிக்கு."
"கேஸ் தீந்துபோச்சா?"

பன்றித் தொடை, இரண்டு கிலோ.
உப்பும் மிளகும் தேய்த்து
என் நைட் டியூட்டி முழுக்க
ஃப்ரிட்ஜில் தூங்கியது,
எனக்கில்லாத தூக்கம்.

போன வாரம் வேப்பங்கட்டை.
தெரியாமல்தான்.
செவ்வாய்வரை கசந்தது நாக்கு.
இன்று கொய்யா.

முதலில் வெள்ளையாய்க் குமட்டிக்கொண்டு வந்தது.
மூடியைத் திறந்து, அடைத்து, திறந்து
நீலத்துக்குக் காத்திருந்தேன்:
கோட்டைப் பக்கம் திரும்பினால் மட்டும்
இருப்பது தெரிகிற நீலம்.

வார்டு தெர்மாமீட்டர்
நாற்பத்திரண்டோடு நின்றுவிடும்.
அதனால் மூடிமேல் கை பிடித்து
நாடி பார்க்கிற பழக்கத்தில் எண்ணினேன்.
எட்டில் சுட்டது.
பத்து என்று வைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு வேதவல்லி
பிள்ளையின் யூனிஃபார்மைக் கொடியிலிருந்து உருவி
ஒருமுறை முகர்ந்துவிட்டு இறங்கிப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

ஐந்தரை மணி நேரம்.
வெளியே கரி. உள்ளே ரோஜா நிறம்.
வேகவில்லையோ என்று வெட்டி,
வெந்ததா என்று வெட்டி,
நின்றபடியே பாதி தீர்ந்தது.

தலைக்கு இரண்டு தடவை குளித்துத்தான் போனேன்.
பதினான்காம் கட்டில்,
குடலில் தையல், மூன்று நாளாக டிரிப்ஸ் மட்டும்,
பேர்ணாம்பட்டுக்காரர்,
கண் திறக்காமல் கேட்டார்:
"என்ன கட்டை சிஸ்டர்?"

பாட்டிலை மாற்றிக்கொண்டே
கொய்யா என்றேன்.

"ஈரமா இருந்திருக்கும்" என்றார்,
தூங்கிப்போனார்.