தன்மை ஒருமை

என் வேலையின் முதல் விதி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
அவன் நான் என்றால் நானும் நான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை
பத்து மணி இருபதுக்கு
"அந்தப் பையை வாங்கியது நான்தான்" என்றேன்.
"உள்ளே புகையிலை என்று நினைத்தேன்" என்றேன்.
"எனக்குக் கடன் இருந்தது" என்றேன்,
குரலை ஏற்றாமல், இறக்காமல்.
கண்ணாடிக்கு அப்பால் மூவார் லாரி ஓட்டுநர்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தன் உயிர் ஆங்கிலத்தில் எப்படி ஒலிக்கிறது என்று
கேட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ.

கஞ்சாவை மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை.
தமிழிலும் கஞ்சா, மலாயிலும் கஞ்சா,
குற்றப்பத்திரிகையில் மட்டும் கானபிஸ்.
எண்தான் கடினம்.
ஐந்நூறு கிராமைத் தாண்டினால் கயிறு.
சில வழக்குகளில் எடையை இறக்கி எழுதுவார்கள்:
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது.
அதைத் தமிழில் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது.
நடுவில் நிறுத்தினால்
எதிரே நிற்பவன் எந்த எண்ணோடு நின்றுபோவான்?
விட்டுப்போன அந்தத் துளியை
வீட்டுத் தராசில் தேடியிருக்கிறேன் ஒருமுறை.
ஒரு கறிவேப்பிலையை வைத்தேன்.
முள் அசையவில்லை.

தாரணிக்கு விவாதப் போட்டி.
தொடக்கக் கல்லூரி, தமிழ்ப் பிரிவு.
தலைப்பு: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா.
காசு சுண்டியதில்
"ஆக்கலாம்" அவள் பக்கம் விழுந்தது.
"நடுவர் அவர்களே" என்று
குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துத் தொடங்குகிறாள்.
"பீருக்கு உரிமம் உண்டு, சிகரெட்டுக்கு வரி உண்டு,
வலியில் துடிப்பவருக்கு ஓர் இலை மட்டும்..."
"இலை என்று சொல்லாதே" என்றேன்.
"பூ, காய், தண்டுத் துணுக்கு.
ஆய்வகச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கும்."
அட்டையில் திருத்திக்கொண்டாள்.
"நீ எந்தப் பக்கம்மா?"
"சோறு ஆறுது."

பாங்காக்கிலிருந்து தம்பி படம் அனுப்புகிறான்:
பச்சை நியான், வாசலில் தூங்கும் பூனை,
"காப்பிக் கடை மாதிரி இருக்குக்கா."
பதில் போடவில்லை.
படத்தில் வாசம் வராது.
இருந்தும் அழித்தேன்.
திரும்பி வரும் நாளில் சாங்கியில்
யாராவது சிறுநீர்க் குப்பியை நீட்டலாம் என்று
அவனுக்குத் தெரியாதா.

எதிர்வீட்டு ரொஹாயாவிடம் விவாதமே கிடையாது.
அண்ணன் அஸ்மான் பதினேழு வயதில்
இதில்தான் ஆரம்பித்தான் என்பாள்.
ஊசி பிறகு வந்தது.
முதலில் தாயின் வளையல் போனது,
பிறகு தையல் இயந்திரம்,
பிறகு தாய்.
"ஐந்நூறு ரொம்ப அதிகம், ஐம்பது போதும்" என்பாள்.
அதே மின்தூக்கியில், எட்டாம் மாடி தாண்டுவதற்குள்,
"பேப்பரில் வந்தானே அந்த மூவார் பையன்,
அவனுக்கு அம்மா இருக்காளா?" என்பாள்.
வழக்கைப் பற்றி நான் பேசக் கூடாது.
அது தெரிந்துதான் கேட்கிறாள்.
கதவு திறக்கும்வரை
இருவரும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வியாழன் இரவு ஆசிரியரின் குறுஞ்செய்தி:
தலைப்பு மாறிவிட்டது.
மின்னூல் அச்சுநூலை அழித்துவிடுமா.
பதினோரு அட்டைகளையும் மேசையில் பரப்பி
தாரணி அழுதாள்.
வீணாய்ப்போன உழைப்புக்கா,
நாணயம் கொடுத்த பக்கம்
எப்போதோ அவளுடையதாகிவிட்டதா,
நான் கேட்கவில்லை.
மறுநாள் மின்னூலுக்கு எதிராகப் பேசி
இரண்டாம் பரிசு வாங்கினாள்.

அட்டைகளின் பின்பக்கம் இப்போது
மளிகைப் பட்டியல் எழுதுகிறேன்.
பேரங்காடி வரிசையில் நின்று
முட்டை, உளுந்து, பாத்திரச் சோப்பு என்று படித்துவிட்டுத்
திருப்பினால் அவள் கையெழுத்து:
"ஆறாவது வாதம். நடுவர் அவர்களே, நான்"
அதோடு மை நிற்கிறது.

அடுத்த விசாரணை பதினான்காம் தேதி.
வாய் வறளாமல் இருக்க
இஞ்சி மிட்டாயும் எழுதியிருக்கிறேன்,
கடைசியில்,
இடம் போதாமல் ஓரத்தில்.