அணைக்காதீர்கள்

கிளைபேடாவில் நவம்பர். நாலு மணிக்கே விளக்கைப் போட்டாயிற்று.
போன மாத மின்ரசீதைத் திருப்பிப் போட்டு
ஸ்கிர்மந்தஸ் எழுதுகிறான்:
ஹார்ட் டிஸ்க் நாலு, எட்டெட்டு டெராபைட்.
அடிக்கிறான். இரண்டு. பதினாறு பதினாறு.
அதையும் அடிக்கிறான்.
ஒன்று செத்துப்போனால்?

அடுப்பருகே நின்று வைவா கேட்பது ஒன்றுதான்:
'சத்தம் போடுமா?'

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
கன்டெய்னர் மேல் கன்டெய்னர் இறங்கும் ஓசை
படுத்த பிறகும் காதை விட்டு இறங்குவதில்லை.
இருப்பதோ ஒன்றரை அறை,
கட்டிலுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நாலு எட்டு.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள்?
தன்னையே கேட்டுக்கொண்டு ஆறு என்று எழுதுகிறான்.
எட்டிப் பார்க்கிறாள்.
'ஆறா? நம்மிடம் இருப்பது மூன்று நாற்காலி.'

சிக்கல் உண்மையில் டிவியில்.
அவள் அண்ணன் தள்ளிவிட்ட பழசு,
புதுப் படங்களின் பாஷை அதற்குத் தெரியாது.
சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து
மசித்து மசித்து ஊட்டிவிட வேண்டும்.
அதற்கு வலுவான பிராசசர்.
வலு என்றால் சூடு. சூடு என்றால் ஃபேன்.
ஃபேன் என்றால்
மறுபடி வைவா.

புது டிவியே வாங்கிவிடலாமே என்று
இருவருக்கும் தோன்றி
இருவரும் வாய்திறக்காத வாரம் அது.

சனிக்கிழமை, மூடுகிற மீன் கம்பெனி ஒன்றில்
தட்டுமுட்டெல்லாம் விலைக்கு.
கணக்குப் பிரிவின் டாங்குவோலே
மேசைக்கடியிலிருந்து இழுத்துத் தந்த பெட்டி
சின்னது, கறுப்பு, முப்பத்தைந்து யூரோ.
நெற்றியில் ஸ்டிக்கர்:
சம்பளம். அணைக்காதீர்கள்.

'ஏழு வருஷம். மின்சாரம் போய் இரண்டு தடவை,
தரை துடைக்க வந்தவர் வயரில் இடறி ஒரு தடவை.
மற்றபடி கண்மூடியதே இல்லை.
இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?'
'படம் பார்க்க.'
'பார்க்கட்டும், பாவம்.
எத்தனை நாள்தான் எங்கள் சம்பளத்தையே பார்க்கும்.'

டிஸ்க்குக்குப் பெட்டியைப் போல் ஏழு மடங்கு கொடுத்தான்.
ஒன்றுக்குத்தான் காசு வந்தது.
பிறகு, யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுபோல
கேபிளுக்காக மூன்று கடை ஏறி இறங்கினான்.
அந்தக் கான்கிரீட்டை வைஃபை தாண்டாது.
துளையிட்ட தூசி பீட்ரூட் சூப்பில் விழுந்தது.

இப்போது அது செருப்பு அலமாரியில்,
குளிர்கால பூட்ஸுகளுக்குப் பக்கத்தில்.
பத்தொன்பது வாட்.
மீட்டர் வைத்துப் பார்த்தான், நம்பாமல் இன்னொரு முறையும்.
காலையில் பூட்ஸ் லேசாக வெதுவெதுக்கிறது,
கணக்கில் வராத லாபம்.

இரவு ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தவள்
விளக்கைப் போடாமல் நின்றாள்.
யாரும் எதையும் பார்க்காத நேரம்.
உள்ளே டிஸ்க் எதையோ தேடியது, டிக், டிக்,
அகப்பட்டதோ என்னவோ, அடங்கியது.
சத்தம்தான்.
காலையில் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள்.
ஸ்டிக்கரின் ஒரு மூலை பிரிந்திருந்தது.
நகத்தால் நீவி ஒட்டினாள்.

ரசீதின் பின்பக்கம் இன்னும் மேசையில்.
அடிக்காமல் விட்ட வரி ஒன்று:
ஒன்று செத்துப்போனால்?