பதினான்கு இருக்கை

இரவு வேலை முடிந்து
கையுறைத் தொழிற்சாலை வாசலில்
பதிமூன்று பேர் ஏறினார்கள்.
இன்று முதலில் பள்ளிக்கூடம், பிறகுதான் வீடு என்றேன்.
முனகக்கூட ஆளில்லை,
எல்லாம் தூங்கிவிட்டது.

ரெங்கம் போகும் சாலையில் இருபுறமும் செம்பனை.
மூன்றாம் டிவிஷன் இருந்த இடத்திலும் செம்பனைதான்.
லயத்தை இடித்துப் பத்து வருடம்,
வாக்காளர் பட்டியலில் மட்டும்
அதன் கதவு எண்கள்
இன்னும் வரிசையாக நிற்கின்றன.

தமிழ்ப்பள்ளித் திடலெல்லாம் சேறு.
சன்னாசி முதல் சாலுரானுக்கு, டர்வின் ஆறாவதுக்கு.
வயதை மட்டும் பார்த்து ஆளைப் பிரிக்கும் இடம்
இந்த ஊரில் இது ஒன்றுதான்.
"பெரட்டு மாதிரியே நிக்க விடுறாங்கண்ணே"
அந்தோணியம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி சிரித்தாள்.

பெரட்டில் பேர் கூப்பிட்டால்
கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.
உள்ளே மேசையில் ஒருவர்
நம் பேரைச் சத்தமாகப் படிப்பாராம்,
அறை முழுக்கக் கேட்குமாம்.
சொல்லித்தான் தெரியும் எனக்கு.

பன்னிரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.
புஷ்பலீலா கடைசி இருக்கையில்
துப்பட்டாவை முகத்தில் போட்டுக் கிடந்தாள்.
"என் ஒரு ஓட்டுல
நம்ம ரோட்டுக்கு லைட்டு வந்துருமா?
விடுங்கண்ணே, கண்ணு எரியுது."

வராது என்றுதான் நானும் நினைத்தேன்.
அதைச் சொல்லவில்லை.
"சரி, உன் ஐ.சி.யைக் கொடு,
நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்,
நீ ஸ்டேரிங்கில் உட்காரு" என்றேன்.
கேலியாகத்தான் கேட்டேன், கை மட்டும்
நீட்டியபடியே நின்றுவிட்டது.

துப்பட்டா விலகியது.
என் சட்டைப்பையில் துருத்திய
சிவப்பு அட்டையைப் பார்த்தாள்.
இதே நாட்டில், இதே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்து
ஐம்பத்திரண்டு வருடமாக
பாரம் நிரப்பிக்கொண்டிருப்பவனின் அட்டை.

பேசாமல் இறங்கினாள்.
மழை பிடித்துக்கொண்டது.
போலீஸ்காரர் வேனைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்,
தள்ளி நிறுத்தினேன்.

முக்கால் மணி நேரம் கழித்து
ஈர விரலோடு ஓடி வந்தவள்
கதவைத் திறந்ததில்
கைப்பிடியில் ஒரு ஊதாக் கறை.
"ஐயோ, துடைச்சிடுறேண்ணே."

இருக்கட்டும் என்றேன்.
வீடு சேரும்வரை பின்னால்
யார் யாருக்கு எந்த விரல் என்று
ஒரே சண்டை.
பெட்ரோல் காசு
யாரும் தரவில்லை.
நாளைக்குக் கேட்க வேண்டும்.